இரண்டு டிஸ்க்கிலும் இல்லை

2008 மார்ச் 9, ஞாயிறு

தம்பி அழகமுத்துவின் ஹார்ட் டிஸ்க் காலையிலிருந்து டக் டக் என்று அடித்துக்கொள்கிறது. இந்தச் சத்தம் வந்தால் டிஸ்க் சாகப்போகிறது என்று கம்ப்யூட்டர் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

அவன் கொழும்புக்கு வீடியோ ஸ்டுடியோ வேலைக்குப் போனபோது, "பத்திரமா வெச்சுக்கக்கா" என்று கொடுத்துவிட்டுப் போனது. அவன் எடுத்த கல்யாணங்கள், சடங்குகள், அம்மா உயிரோடு இருந்தபோது எடுத்தவை, எல்லாம் இதில்தான். டேப்பை வைத்துக்கொள்ள மாட்டான், அதன்மேலேயே அடுத்த கல்யாணத்தை எடுத்துவிடுவான். தைப்பொங்கல் முடிந்த வாரம் கொழும்பு லாட்ஜில் வைத்துப் போலீஸ்காரர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்னும் தடுப்புக்காவலில்தான் இருக்கிறான். அவனைத்தான் காப்பாற்ற முடியவில்லை. இதையாவது—

என் கம்ப்யூட்டரில் பிரதி எடுக்க இடமில்லை; டிஸ்க்கைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

மார்ச் 11

வகுப்பில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டுக்கு ஒரு சர்வர் செய்யப்போகிறேன். கம்ப்யூட்டர் கடை மர்சூக்கிடம் யோசனை கேட்டேன். மூன்று டிஸ்க் போட்டுப் பகிர்ந்து எழுதினால் இடம் நிறையக் கிடைக்கும், ஒன்று போனாலும் மற்ற இரண்டையும் வைத்துத் திருப்பிக் கட்டிவிடலாம் என்பது என் கணக்கு.

"திருப்பிக் கட்டுற நேரத்துல இன்னொன்னும் போனா என்ன செய்வீங்கக்கா? ரெண்ட வாங்கி மிரர் போடுங்க. இதுல எழுதுறது அப்பிடியே அதுலயும் எழுதும். ஆனா ஒரே கடையில, ஒரே பெட்டியில வந்ததா வாங்காதீங்க. ஒண்ணாப் பொறந்தது ஒண்ணாவே சாகும்."

மார்ச் 15, சனி

ஒரு டிஸ்க் மர்சூக்கிடம் வாங்கினேன், இன்னொன்று கண்டியில். கம்பெனியும் வேறு வேறு. சிஸ்டத்துக்கு ஒரு சின்னப் பழைய டிஸ்க் தனியாக, அது செத்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். பெரிய இரண்டும் மிரர். கரண்ட் போனால் ஒழுங்காக அணைந்துகொள்ள யூபிஎஸ்.

நடராஜா மிளகு மண்டியிலிருந்து வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "ஒரு படத்துக்கு ரெண்டு பொட்டியா?" சிரித்தார். என் புருஷன் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது.

மார்ச் 22

அழகமுத்துவின் எல்லாமும் ஏறிவிட்டது. கடைசி ஃபோல்டர் ஏறின மறுநாள் பழைய டிஸ்க் ஒரேயடியாக நின்றுபோனது.

ஏப்ரல் 6, ஞாயிறு

சோதித்துப் பார்க்க, அம்மாவின் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கைப் பிடுங்கினேன். அம்மா சிரித்துக்கொண்டேயிருந்தாள், படம் நிற்கவில்லை. நடராஜாவைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத் திருப்பி மாட்டினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எங்கள் அலுவிகாரையில் இன்று ராணுவம் வந்து வீடு வீடாகச் சோதனை. அடையாள அட்டையைப் பார்த்தார்கள். சர்வரைத் தொட்டுப் பார்த்து, இது என்ன என்று சிங்களத்தில் ஒருவன் கேட்டான். வகுப்பு வேலைக்கு என்றேன். போய்விட்டார்கள். நடராஜா அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. நான் சந்தைக்குப் போய்த் திரும்பும்போதும் அதே நாற்காலியில் இருந்தார்.

மே 8, வியாழன்

வழக்குக்கு நாங்கள் வைத்திருக்கிற வக்கீலம்மா போன் செய்தார். தம்பி மேல் என்ன சொல்கிறார்கள் என்று கடைசியாகத் தெரிந்துவிட்டது. போன வருஷம் ஆகஸ்டில் ஒரு வாரம் வன்னியில் புலிகளிடம் பயிற்சி எடுத்தானாம்! அந்த வாரம் அவன் பக்கத்து உக்குவளையில் எங்களுக்குத் தெரிந்த ஹமீமா அம்மாவின் மகள் நூருன்னிஸாவின் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். கல்யாணத் தேதிக்குப் பதிவு இருக்கிறது. "ஆள் சொன்னா வேண்டப்பட்டவங்கன்னு தள்ளிடுவாங்க. அவர் அங்க நிக்கிறது படத்துல இருக்கா?"

இருக்கிறது! அவர்களுக்குக் கொடுத்த டிவிடியில் வெட்டிவிட்டான். ஆனால் வெட்டாதது என்னிடம் இருக்கிறது. கேமராவை ஸ்டாண்டில் விட்டுவிட்டு அவனே முன்னால் வருவான்.

அதே நாள்

ஃபோல்டர் இல்லை.

அழகமுத்து என்ற பெயரே இல்லை. முதல் டிஸ்க்கில் இல்லை. இரண்டாவதைத் தனியாகக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். அதிலும் இல்லை. டிஸ்க் ரெண்டும் நல்லா இருக்கு. ஒரு பிழைகூட இல்ல. பொறகு எங்க போச்சு? நான் என்ன செஞ்சேன்? நானா அழிச்சேன்? அம்மாவும் இல்ல. அம்மா குரல்கூட இல்ல.

மெஷினை நிறுத்திவிட்டேன். இனி ஒரு எழுத்துகூட அதன்மேல் விழக்கூடாது.

மே 9

அவர்தான்.

கேட்டவுடனே சொல்லிவிட்டார். பொய் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேனோ?

"சோதனை வந்த அன்னிக்கு. அதுல வன்னிக் கல்யாணம் ஒண்ணு இருக்குல்ல, சமாதான காலத்துல ஒன் தம்பி போய் எடுத்தானே. பின்னால புலி யூனிஃபார்ம் போட்ட பொடியனுங்க நிக்கிறாங்க. அத ஒருத்தன் பாத்தா நம்ம கதி என்ன?"

"அது ஒண்ணத்தானே? எல்லாத்தையுமா அழிப்பீங்க?"

"எதுல என்ன இருக்குன்னு எனக்கு என்ன தெரியும், சந்திரா? எண்பத்து மூணு கலவரத்துல அப்பா கடை எரிஞ்சத நான் ரோட்டுல நின்னு பாத்தவன். ஒரு டிஸ்க்ல போனா மத்ததுல இருக்கும்னு நீதானே காட்டுன? நம்ம பயத்துக்கு இங்க இருக்கிறது போகட்டும், ஒனக்கு மத்ததுல இருக்கும்னு நெனச்சேன்."

மிரர் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அவர் அழித்ததை அதே நொடியில் அதுவும் அழித்துவிட்டது. டிஸ்க் சாவதற்கு எல்லாம் யோசித்தேன். வீட்டு ஆளின் கையை யோசிக்கவில்லை.

பன்னிரண்டு வருஷமாக இந்த மனுஷனோடு ஒரே பாயில் படுக்கிறேன்.

மே 10, சனி

மர்சூக் தலையில் அடித்துக்கொண்டான். "மிரர் வேற, தனியா எடுத்து வெக்கிற பேக்கப் வேறன்னு நானும் சொல்லலயே அக்கா." பிறகு மீட்டுப் பார்க்க ஒரு டிஸ்க்கை மட்டும் வாங்கிக்கொண்டான். அழித்தாலும் பெயர்தான் போகுமாம், மேலே வேறு எழுதாத இடத்தில் படம் கிடக்கலாமாம். இந்த இரண்டு வாரமும் நான் வகுப்புத் தாள்களை அதில்தான் ஏற்றிக்கொண்டிருந்தேன். எதன்மேல் எழுதினேனோ?

மே 12

அவரோடு பேசவில்லை.

மே 18, ஞாயிறு

மர்சூக் தந்தது பெயரில்லாத துண்டுகள். ஆயிரக்கணக்கில். பாதி திறக்கவே இல்லை. திறந்ததிலும் யாரோ ஒரு மணப்பெண்ணின் கழுத்து, ஒரு வாழைமரம், சத்தமில்லாமல் தவில் அடிக்கிற கை. வெசாக் பண்டிகைக்குத் தொடர் லீவு. காலையிலிருந்து தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடராஜா வந்து கேட்காமலே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மவுஸை நகர்த்திக் கொடுத்தேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கண்ணைத் துடைக்க எழுந்த நேரம், "இந்தா இருக்கான்" என்றார்.

நூருன்னிஸா கல்யாணப் பந்தல். ஹமீமா அம்மா, "தம்பி, கேமராவ வெச்சிட்டு வந்து சாப்புடுங்க" என்கிறார். அழகமுத்து முன்னால் வந்து, சிரித்துக்கொண்டே லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்கிறான். பின்னால் மாப்பிள்ளையும் பொண்ணும். அவ்வளவுதான், அறுந்துவிடுகிறது. போதும்.

அம்மா கிடைக்கவில்லை. அவள் இருந்த இடத்தில் என் வகுப்புத் தாள்கள்.

வன்னிக் கல்யாணத்திலும் சில துண்டுகள் வந்தன. யூனிஃபார்ம் பொடியன் ஒருவன் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறான். சின்னப் பையன். நடராஜா என் முகத்தையே பார்த்தார். நான்தான் அழித்தேன். என் விரலால், நானே. அழித்துவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 3

அந்தப் பந்தல் துண்டை வக்கீலம்மாவிடம் கொடுத்தாயிற்று.

அக்டோபர் 11, சனி

வந்துவிட்டான்.

பஸ்ஸை விட்டு இறங்கினவனை நான் தாண்டிப் போய்விட்டேன். அடையாளம் தெரியவில்லை. "அக்கா" என்றபிறகுதான் திரும்பினேன். முன்பல் இரண்டு இல்லை. இருபத்தெட்டு வயசுக்கு இவ்வளவு நரையா? என்ன செஞ்சாங்கடா ஒன்ன? கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. நடராஜா அவன் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார், திரும்பிப் பார்க்கவேயில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

அழகமுத்து இன்னும் கேமராவைத் தொடுவதில்லை. பகலெல்லாம் தூங்குகிறான். அம்மாவின் படங்கள் போனதை நடராஜாவே அவனிடம் சொல்லிவிட்டார். அவன், "பரவால்ல மச்சான், நானா இருந்தாலும் அழிச்சிருப்பேன்" என்றானாம். என்னால் இன்னும் அப்படிச் சொல்ல முடியவில்லை.

மூன்றாவதாக ஒரு டிஸ்க் வாங்கினோம். இது மெஷினில் இருக்காது. பிரதி எடுத்து ரத்தோட்டையில் நாத்தனார் வீட்டில் வைப்பது, மாதம் ஒருமுறை கொண்டுவந்து புதுப்பிப்பது என்று முடிவு. கொண்டுபோகிற வேலையை நடராஜா தானாகவே எடுத்துக்கொண்டார். துவாலையில் சுற்றி மடியில் வைத்து பஸ்ஸில் போனார்.

திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னார்: "சந்திரா, அந்த மெஷின்ல என் பேருக்குப் பாக்க மட்டும் விடு. அழிக்கிற உரிமைய எடுத்துடு."

சரி என்றேன்.

அந்த உரிமையை மே மாதமே எடுத்துவிட்டேன். இங்கேகூட எழுதவில்லை. இத்தனை மாதமும் அவருக்கு அது தெரியவில்லை. ஒருநாளாவது எதையாவது அழிக்கப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவர் உள்ளே போனபிறகு சர்வர் முன்னால் உட்கார்ந்தேன். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தேன்.