குழாய்க்கு முந்தைய வார்த்தை

12-10-2006, வியாழன்

தீக்காய சிகிச்சைக்கு விதிமுறை எழுத அரசும் டாக்டர்களும் சேர்ந்து அமைத்த குழு இன்று விருதுநகரில் முதன்முறையாகக் கூடியது. ஓய்வுபெற்ற டாக்டர் என்பதால் நானும் உறுப்பினர். சூடான புகையை இழுத்தவருக்குத் தொண்டை வீங்கும் முன் குழாய் செருக வேண்டும். செருகினால் பேச முடியாது. அதற்கு முன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேச விடலாமே என்றார் விஸ்வநத்தத்தைச் சேர்ந்த இளம் அதிகாரி.

"குழாய் போடுறதுக்கு முன்னாடி எங்கம்மா ஏதோ சொல்ல வந்தாக, டாக்டரம்மா. அப்படியே போய்ச் சேர்ந்துட்டாக. என்னன்னு இன்னும் தெரியலை."

"காத்திருந்தா மூச்சு நின்னுடும், தம்பி. கூடாது."

என் சொல்லே விதியானது. அது சரிதான்.

முன்பு வெடிவிபத்தில் சிக்கிய என் கணவருக்கு, குழாய் செருகாமல் நான் வரும்வரை டாக்டர்கள் காத்திருந்தார்கள். "வந்துட்டியா" என்றார் அவர். அதற்குள் தொண்டை அடைத்து, குழாய் இறங்கவில்லை.

அந்த வார்த்தை எனக்குக் கிடைத்ததை அந்த இளம் அதிகாரியிடம் நான் சொல்லவில்லை.