ஜாடியின் உட்பக்கம்

ஜூலை 4, வெள்ளி

மழை விடவில்லை. அம்மாவின் முழங்கால் இன்றும் வீங்கித்தான் இருக்கிறது. மலையேறித் தேயிலைக் கொழுந்து எடுக்க முடியாது என்றுதான் துரை பங்களா வேலைக்குப் போட்டார்கள். அப்பா கொழும்பில் கடையில் நிற்கிறார். தோட்டத்து வேலைப் பதிவில் பெயர் இருப்பது அம்மாவுக்கு மட்டும். அந்தப் பெயர் வெட்டுப்பட்டால் நாங்கள் குடியிருக்கும் இந்த லயத்துக் காம்பராவும் போய்விடும். பக்கத்துக் காம்பரா சிவசாமி மாமா குடும்பம் அப்படித்தான் போனது.

குனிந்து துடைக்க அம்மாவால் முடியாது. நாளை நானும் கூடப் போகிறேன். தோட்டத்தை நடத்தும் துரையும் அவர் மனைவி துரைசாணியும் லீவில் கண்டிக்குப் போயிருக்கிறார்கள். சமையல்கார றோலண்ட் அப்புவும் கினிகத்தேனைக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் இல்லாததே நிம்மதி. ஒரு கரண்டி இடம் மாறினாலும் துரைசாணியின் காதில் போட்டுவிடுவார்.

ஜூலை 5, சனி

உடைத்துவிட்டேன்.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பூச்சாடி. வெள்ளையில் நீலப் பறவைகள், அகன்ற வாய், இரண்டு பக்கமும் காது மாதிரிப் பிடி. அடியில் தூசி துடைக்கலாம் என்று இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினேன். ஒரு காது கையோடு வந்துவிட்டது. மற்றதெல்லாம் தரையில்.

அம்மா அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். யன்னல் திரையை இழுத்து மூடினார். சாக்கை விரித்து, நிற்க முடியாத காலோடு தரையில் உட்கார்ந்து, பொடித்துண்டுகூட விடாமல் பொறுக்கிக் காம்பராவுக்குக் கொண்டுவந்தார்.

"வாயத் தொறக்காத தனுஷி. யாரு கேட்டாலும் கழுவ எடுத்து வச்சிருக்குன்னு சொல்லு."

இதை எழுதுவதைப் பார்த்தால் அம்மா அடுப்பில் போட்டுவிடுவார். அவர் தூங்கிய பிறகுதான் எழுதுகிறேன். தூங்குகிறாரா, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாரா? தெரியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

இரண்டு பேரும் சாப்பிடவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டதாகச் சொன்னோம்.

ஜூலை 8, செவ்வாய்

19ஆம் திகதி துரைசாணி வருகிறாராம். மறுநாள் கம்பனிப் பெரியவர்களுக்குப் பங்களாவில் விருந்து. விருந்தென்றால் அந்த ஜாடியில்தான் பூ வைப்பார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் தலவாக்கலையில் சுப்பர் க்ளூ வாங்கினேன். "சப்பாத்துக்கா?" என்று என் காலைப் பார்த்துக் கேட்டார் கடைக்காரர். தலையாட்டினேன்.

"ஒட்டி என்னடி ஆகப் போவுது?" என்றார் அம்மா. "அவங்களுக்குக் கண்ணு தெரியாதா?"

"வேற என்னம்மா செய்றது?"

அம்மா துண்டுகள் இருந்த சாக்கை என் பக்கம் தள்ளினார்.

ஜூலை 10, வியாழன்

பின்னேரம், லயத்து ஆட்கள் எல்லோரும் மலையில் இருந்தபோது, அடுப்படியில் உட்கார்ந்து ஒட்டினேன். அடியிலிருந்து மேலே ஏறினேன். நன்றாகத்தான் வந்தது. கடைசித் துண்டு உள்ளே போகவில்லை. அதன் இடம் அப்படியே இருக்கிறது, பக்கத்துத் துண்டுகள் குறுக்கே நிற்கின்றன. அதை முன்னாலேயே வைத்திருக்க வேண்டும். எதற்கு முன்னால்? எனக்கு எப்படித் தெரியும்?

விரல் தோல் உரிந்து எரிகிறது. எனக்கு முடியல. நாளைக்கு எந்திரிக்கவே வேணாம் போல இருக்கு.

ஜூலை 11, வெள்ளி

ஒட்டியதை எல்லாம் கொதிநீரில் ஊற வைத்தேன். பசை விட்டது. உட்பக்க அழுக்கும் இளகியது. தேங்காய் நாரால் தேய்த்தேன். ஒரு துண்டில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. இன்னும் தேய்த்தேன்.

'ஆ' என்ற எழுத்து.

பெரிய துண்டுகள் எல்லாவற்றிலும் ஒவ்வோர் எழுத்து இருந்தது. அ, ஆ, இ... எ வரை. அவற்றின் ஓரங்களில் மஞ்சளாகக் காய்ந்த பழைய பசை.

இது முன்பே உடைந்த ஜாடி. யாரோ ஒட்டியிருக்கிறார்கள். எதற்குப் பிறகு எது என்று எழுதி வைத்து ஒட்டியிருக்கிறார்கள். தமிழில். துரைமார் தமிழில் எழுதமாட்டார்கள். எங்கள் ஆட்களில் ஒருவர், என்னை மாதிரியே பயந்துகொண்டு.

கையோடு வந்த அந்தக் காதிலும் பழைய பசை இருந்தது.

அம்மா விளக்கருகில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "அப்ப நீ ஒடைக்கல," என்றார். பிறகு, "அதப் போயி யாருகிட்ட சொல்றது?"

ஜூலை 13, ஞாயிறு

அ முதல் எ வரை. ஒவ்வொன்றும் சொன்னபடி கேட்டது. புதிதாக உடைந்தவை மூன்றுதான். அவற்றின் உட்பக்கத்திலும் ஏ, ஐ, ஒ என்று எழுதினேன், வகுப்பில் கூடப் படிக்கும் சுலக்ஷனாவிடம் வாங்கிய, நகத்துக்குப் பூசும் ஊதா கியூடெக்ஸால். எதற்கென்று தெரியவில்லை. எழுதாமல் ஒட்ட மனம் வரவில்லை.

விளிம்புக்குக் கீழே நகமளவு ஓட்டை. அந்தத் துண்டு பொடியாகிவிட்டது. அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து அப்பினேன். வெள்ளையோடு வெள்ளையாகப் போய்விட்டது.

ஜூலை 14, திங்கள்

காலையில் பார்த்தால் அந்த இடம் இரத்தச் சிவப்பு.

முழங்காலுக்கு மஞ்சள் பத்துப் போட்ட கையோடு அம்மா அதைத் தடவிவிட்டிருக்கிறார். "மேடா இருந்துச்சு. சமமா இருக்கட்டுமேன்னு..."

சுண்ணாம்பில் மஞ்சள் பட்டால் என்ன ஆகும்? எத்தனை கலியாணத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து ஆலாத்தி கரைத்த கை அது.

"தொரசாணி வந்தா அப்படியே சுத்திப் போட்டுறலாம்மா," என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்தார். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அப்பினேன்.

ஜூலை 16, புதன்

வெளுத்த துணிகளுக்கு நடுவே வைத்து அம்மா ஜாடியைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டார். பார்த்தால் தெரியுமா என்று கேட்டேன். "பாக்குறவங்களுக்குத் தெரியும்," என்றார்.

ஜூலை 17, வியாழன்

றோலண்ட் அப்பு வந்துவிட்டார். "என்னா மீனம்மா, நான் இல்லாம மகாராணி மாதிரி இருந்திருப்பியே," என்றாராம். ஜாடியைப் பார்த்தாரா? அம்மாவுக்குத் தெரியவில்லை.

ஜூலை 19, சனி

நானும் போனேன். சமையலறையில் கோப்பை துடைக்கும்போது அலுமாரியில் டின்களைப் பார்த்தேன். ஒவ்வொரு மூடியிலும் சிவப்பு எழுத்து. சீனிக்குச் சீ, உப்புக்கு உ. மினுமினுக்கும் சிவப்பு.

"இது யாரும்மா எழுதினது?"

"அப்புதான். முன்ன இருந்த தொரசாணி விட்டுட்டுப் போன கியூடெக்ஸ்ல..." ஜாடியின் உட்பக்கத்தில் இருந்த அதே சிவப்பு. இரண்டு பேரும் அந்த மூடிகளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்போது முன்னறையில் துரைசாணி, ஜாடி நிறையத் தண்ணீர் ஊற்றி ரோஜா வைக்கும்படி சிங்களத்தில் அம்மாவிடம் சொன்னார். தண்ணீர் நின்றால் சுண்ணாம்பு கரையும், எல்லாம் விடும். அம்மா செம்பைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

அப்பு வந்தார். "நோனா, அதுக்குள்ள தண்ணி ஊத்துற வழக்கம் இல்ல," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, ஒரு பால்மா டின்னில் தண்ணீர் பிடித்து வந்தார். அதை ஜாடிக்குள் இறக்கும் முன் குனிந்து உள்ளே பார்த்தார். கொஞ்சநேரம் குனிந்தே இருந்தார். பிறகு டின்னை இறக்கி, சுண்ணாம்பு அப்பிய பக்கம் சுவரைப் பார்க்கும்படி ஜாடியைத் திருப்பி வைத்தார்.

துரைசாணியிடம் நாளை சொல்வாரோ?

ஜூலை 20, ஞாயிறு

விருந்து முடிந்துவிட்டதாம். அம்மா கால் வலியென்று படுத்துவிட்டார்.

ஜூலை 21, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாலத்தடியில் அப்பு கடைச் சாமான் பையோடு வந்தார். ஒதுங்கிப் போகப் பார்த்தேன்.

"ஏய் புள்ள."

நின்றேன்.

"நீ எழுதின 'ஐ' தலகீழா கெடக்கு. பள்ளிக்கூடம் போற புள்ளதானே நீ?"

அவர் பையை மற்றக் கைக்கு மாற்றினார். "அம்மாகிட்ட சொல்லு, இனிமே அந்த ஜாடிய நானே தொடைச்சிக்கிறேன்னு." போய்விட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். சரி என்பதுபோல் தலையை ஆட்டினார். முழங்கால் வீக்கம் இறங்கவில்லை. நாளையும் பங்களாவுக்குப் போக வேண்டும். இப்போது குறட்டை விடுகிறார். உண்மையான குறட்டை.

நானும் விளக்கை அணைக்கிறேன்.