கையெழுத்துப் போடாத அட்டை

மின்யாரி
புதன்கிழமை காலை

அன்பு மகள் கீலிக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், ஆனால் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும் என்பதால் கேட்கவில்லை. போன் பண்ணினால் இரண்டாவது நிமிஷமே "நல்லாத்தான்ப்பா இருக்கேன், வச்சிடட்டுமா" என்கிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது பார், அதனால்தான் முப்பது வருஷம் கழித்துப் பேனாவைத் தேடி எடுத்தேன். அம்மா இன்று மத்தியானம் மில்டுராவில் விமானம் ஏறி, மெல்போர்னில் மாறி, ராத்திரி பெர்த் வந்து இதை உன் கையில் கொடுப்பாள். உட்கார்ந்து கடைசி வரி வரை படி, நடுவில் எழுந்து போகாதே.

திங்கள் மத்தியானத்திலிருந்து மழை. கோதுமை முழுக்க ஈரம், அறுவடை மிஷின் தெற்குக் காட்டில் அப்படியே நிற்கிறது, இன்னும் எழுநூறு ஏக்கர் பாக்கி. இன்றைக்கு வெயில் வந்தால்தான் உண்டு, வராவிட்டால் கால்நடைத் தீவனமாகத்தான் போகும். ஊரில் அதைப் பற்றி எவனுக்கும் கவலை இல்லை, எல்லாம் சனிக்கிழமை ஃபுட்பால் ஃபைனல் பேச்சுதான். ஊர்த் தானியம் கொட்டும் சைலோ மேலே உன் சட்டை எண் பதினேழைத் துணியில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பேக்கரியில் பன்னுக்கு உங்கள் கிளப் நிறத்தில் சாயம் பூசி விற்கிறார்கள், தின்றவன் நாக்கெல்லாம் ஊதா. நேற்று, மழைக்கு முன்னால் அறுத்த லோடோடு சைலோவில் வரிசையில் நின்றபோது பக்கத்துப் பண்ணைக் கென் வந்து என் முதுகில் தட்டி, "மகளுக்கு ஏழு வருஷத்துல முதல் ஃபைனல், நீ கோதுமையைக் கட்டிக்கிட்டு அழறியா" என்றான். அத்தோடு விட்டிருந்தால் சிரித்திருப்பேன். "அடிபட்டா எந்திரிச்சு நிக்கிறது அவ ரத்தத்துலேயே இருக்குடா நெவில்" என்று வேறு சொல்லிவிட்டான். லாரியை வரிசையிலேயே விட்டுவிட்டுப் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

போன சனிக்கிழமை ஆட்டத்தை நானும் பார்த்தேன் கீலி. மூன்றாவது பாகத்தில் நீ பின்னால் ஓடிக்கொண்டே பந்தைப் பிடிக்க எகிறினாய், அந்த உயரமான பெண்ணின் இடுப்பு உன் காதுக்கு மேலே இடித்தது. விழுந்தாய், எழுந்தாய், சிரித்தாய், கையை ஆட்டினாய். டிவியில் பேசுகிறவர்கள் ஆஹா ஓஹோ என்றார்கள். உள்ளே கூட்டிப்போய்ச் சோதித்துவிட்டு, தேறிவிட்டாள் என்று திரும்ப அனுப்பினார்கள். அதற்கு முன்னால், நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கேமரா இரண்டு நொடி உன் மேல் நின்றது. மடியில் உன் வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தாய், ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடியும் முதலிலிருந்து. உலகத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை போனில் ஊரில் மழையா என்று அம்மாவிடம் இரண்டு தரம் கேட்டாய். பொண்ணுக்கு ஃபைனல் நினைப்பு என்று அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. சீசனுக்கு முன்னால் எடுக்கும் மூளைச் சோதனையை வேண்டுமென்றே சொதப்பி வைப்போம், பிறகு அடிபட்டாலும் மார்க் குறைந்த மாதிரி தெரியாது, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று போன கிறிஸ்துமஸுக்கு நீதானே பெருமையாகச் சொன்னாய்? அன்றைக்கும் எல்லாரும் சிரித்தோம்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் நம் ஊர் ஃபைனல், நான் கழுத்தில் முதலுதவிப் பையோடு எல்லைக் கோட்டில் நின்றேன். கடைசி பாகம் ஆரம்பித்து ஐந்து நிமிஷத்தில் உன் தலை தரையில் மோதியது. உன்னை வெளியே கூட்டி வந்து மண்டியிட்டு, தலையில் அடிபட்டவரைச் சோதிக்கும் அட்டையை எடுத்தேன். ஐந்து கேள்வி, உனக்கே மனப்பாடம். மைதானம் எது என்றேன், சொன்னாய். எத்தனையாவது பாகம் நடக்கிறது என்றேன். கட்டைவிரலால் விரல்களை எண்ண ஆரம்பித்தாய். எண்ணிவிட்டு என் முகத்தைப் பார்த்து "ரெண்டாப்பா?" என்றாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? "நாலாவது தானே?" என்றேன். "ஆமாப்பா, நாலாவது" என்றாய். டிக் போட்டேன். போன வாரம் யாரோடு ஆடினோம் என்றதற்கு ஜூன் மாசம் ஆடிய ஊரைச் சொன்னாய். அதற்கும் டிக் போட்டேன். முதுகில் தட்டி உள்ளே அனுப்பினேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். பதினாலு வயதில் பையன்கள் அணியிலிருந்து உன்னை நீக்கினார்கள், இனிமேல் பெண் பிள்ளை ஆடக் கூடாது என்று. அந்தக் குளிர்காலம் முழுக்க சனிக்கிழமைதோறும் வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாக ஆட்டம் பார்த்தாய். நாலு வருஷம் கழித்து ஊரில் பெண்கள் அணி வந்து, மெல்போர்னிலிருந்து ஆள் எடுக்க ஒருத்தர் நோட்டோடு வேலியோரம் நிற்கிறார். உன்னை வெளியே உட்கார வைக்கும் இன்னொரு ஆள் நானாக இருக்க எனக்கு மனசு வரவில்லை. நீ போய் இரண்டு கோல் போட்டாய், ஜெயித்தோம், ஆறு வாரத்தில் பெரிய லீகுக்கு ஆள் எடுத்தபோது உன் பெயரைக் கூப்பிட்டார்கள். கிளப் சுவரில் படம் மாட்டினார்கள். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து எத்தனை பேர் எனக்கு பீர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், நானும் வெட்கமில்லாமல் குடித்திருக்கிறேன். அடிபட்டால் எழுந்து நிற்பவள் என்று ஊர் சொல்லிச் சொல்லி நீயும் நம்பிவிட்டாய். அது உன் ரத்தத்தில் இல்லை கண்ணு, என் டிக்கில் இருக்கிறது.

இன்னொன்று. அந்த இரண்டாவது கோலை நீ எல்லாரிடமும் சொல்வாயே, பந்து சுழன்று சுழன்று கோல் கம்பங்களுக்கு நடுவே நம்மைப் பார்த்து வரும் என்று. உதைத்தது நீதான் கண்ணு. நீ உதைத்த பந்து உன்னைப் பார்த்து எப்படி வரும்? மார்ஜ் அத்தைதான் கம்பங்களுக்குப் பின்னால் நின்று போனில் வீடியோ எடுத்தாள். நீ சொல்வது அவள் பார்த்ததை. அந்தப் பாகம் உனக்கு நினைவிலேயே இல்லை. எனக்கு இது ஆறு வருஷமாகத் தெரியும், நீ சொல்லும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இனி நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல். காலையில் உங்கள் கிளப் டாக்டருக்குப் போன் பண்ணிவிட்டேன், அவசரத்துக்கென்று அம்மாவிடம் இருந்த நம்பரில். விரல் எண்ணியதைச் சொன்னேன், மழையை இரண்டு தரம் கேட்டதைச் சொன்னேன், சீசன் சோதனையில் செய்ததைச் சொன்னேன், ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் செய்ததையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான். சனிக்கிழமை நீ ஆட மாட்டாய், தலையில் அடிபட்டால் குறைந்தது பன்னிரண்டு நாள் ஆடக் கூடாதாம். இன்றைக்கு உங்களுக்குப் பயிற்சி இல்லையாம், நாளைக் காலை உன்னைக் கூப்பிடுவார். அதற்கு முன்னால் நீ என்னிடமிருந்து கேட்க வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன் முகத்தைப் பார்த்திருப்பேன், மறுபடியும் டிக் போட்டிருப்பேன். உனக்கு இருபத்தைந்து வயது, இன்னொரு ஃபைனல் வரலாம், வராமலே போகலாம், அதை நான் உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டேன் என்பது தெரிந்தேதான் செய்தேன்.

அம்மாவிடம் சொன்னதும் பெட்டியைக் கீழே வைத்தாள். டிக்கெட்டை ரத்து பண்ணட்டுமா என்றேன். "நான் என்ன ஆட்டம் பார்க்கவா போறேன், அவகிட்டப் போறேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

எலுமிச்சை ஸ்லைஸ் இனிப்பு டப்பாவில் இருக்கிறது, சாப்பிடு. வண்டி ஓட்டாதே. போன் திரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்காதே. திட்ட வேண்டும் என்று தோன்றினால் மட்டும் போனை எடு, எத்தனை மணியானாலும் எடு, ஆனால் இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடாமல் திட்டு. வெயில் வந்தால் மிஷினில் இருப்பேன், ஆனால் போன் சட்டைப் பையில்தான் இருக்கும். நீ நீண்ட நாள் நல்ல நினைவோடு இருக்க வேண்டும் மகளே, எனக்கு வேறு எந்தக் கோலும் வேண்டாம்.

அன்றைய அட்டையை இதோடு வைத்திருக்கிறேன், டாக்டரிடம் கொடு. அடியில் முதலுதவி ஆள் கையெழுத்து என்று ஒரு கோடு இருக்கும். அன்றைக்கு டிக் போட்ட கை அங்கே போகவில்லை, ஏழு வருஷமாகக் காலியாகவே கிடந்தது. அந்த இரண்டு டிக்கையும் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் "தவறு" என்று எழுதி, இன்றைய தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

உன் அப்பா,
நெவில் ரோடர்