கடிக்கிற வம்சம்

மார்ச் 4
ஆய்வகத்தின் சிவப்புச் சீட்டுக் கூண்டுகளில் இன்றும் கடித்துக் குதறல். பச்சைச் சீட்டு எலிகள் வழக்கம்போல் சாது. ஒன்பது தலைமுறையாக இதே குணம். மரபணுதான் காரணம் என்று கட்டுரையும் எழுதி இதழுக்கு அனுப்பியாயிற்று.

சாயங்காலம் தம்பியின் வக்கீல் வந்தார். தம்பி கோபத்தில் அடித்ததில் ஒருவருக்கு ஒரு கண் போய்விட்டது. தண்டனை குறைய நான்தான் ஒரே வழியாம். "கோபம் உங்க பரம்பரையிலேயே இருக்குன்னு விஞ்ஞானியா நீங்க சொன்னா போதும், மேடம்." அப்பாவின் பெல்ட்டை நினைத்துக்கொண்டேன். சரி என்றேன்.

மார்ச் 5
அம்மா போனில் அழுதாள். என் படிப்பு இதற்காவது உதவட்டுமாம்.

மார்ச் 17
கூண்டு கழுவும் அண்ணன் பேச்சுவாக்கில் கேட்டார், சிவப்புச் சீட்டை மட்டும் ஏன் ஏ.சி. மோட்டார் பக்கத்து அலமாரியிலேயே வைக்கிறோம் என்று. தடித்த கையுறை அங்கேதான் தொங்குகிறது. கடிக்கிறவற்றைக் கையாள வசதி. நான் செய்த ஏற்பாடுதான். அந்த மோட்டார் இரைச்சலில் நாள் முழுக்க இருந்தால் எனக்கே பைத்தியம் பிடிக்கும் — மூன்று வருடமாக இது ஏன் உறைக்கவில்லை?

இரண்டு வகையையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றினோம்.

ஜூன் 2
இடம் மாறிய பின் பிறந்த குட்டிகள் வளர்ந்துவிட்டன. பச்சை கடிக்கிறது. சிவப்பு எப்போதாவதுதான். மரபணுவுக்குப் பங்கே இல்லை என்றில்லை. நான் எழுதிய அளவுக்கு இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 3
அம்மாவிடம் சொன்னேன். "எலி வேற, உன் தம்பி வேற" என்றாள். இதை நானல்லவா முதலிலேயே வக்கீலிடம் சொல்லியிருக்க வேண்டும்!

ஜூன் 11
எலி விஷயத்தைப் பற்றிக் கோர்ட்டில் வாய் திறக்காமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அவன் என் தம்பி. என் தம்பி.

ஜூன் 19
கோர்ட். பரம்பரைதான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை என்றேன். அதே அப்பாவுக்குப் பிறந்த நீங்கள் யாரையாவது அடித்ததுண்டா என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். இல்லை.

ஏழு வருடம். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

ஜூலை 6
சிறையில் தம்பியைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவன் முந்திக்கொண்டான்.

"அப்பன் ரத்தம், அப்பன் ரத்தம்னு கேட்டுக் கேட்டு, கோபத்தை அடக்க நம்மால ஆகாதுன்னே விட்டுட்டேன்க்கா. நீ அன்னிக்குக் கோர்ட்ல அப்படிச் சொன்னதும்தான்... அந்தக் கண்ணு நான் பண்ணினது. அவருக்கு ஒரு லெட்டர் எழுதணும். எப்படி ஆரம்பிக்கறது?"

பார்வை நேரம் முடியும்வரை இருவருமாக முதல் வரியை யோசித்துக்கொண்டிருந்தோம்.