பாசிக்கு சோறு போட்டது யாரு

ஆகஸ்ட் 6, 1972. ஞாயிறு

வெக்கை. காத்தே இல்ல. மொத ரயிலு புடிச்சு ராயபுரம். கடல் தண்ணி ரெண்டு கேன். திரும்பி வர்ற வண்டில ஒரு பெருசு கேனையே மொறச்சுப் பாத்துகினு வந்துச்சு.

"இன்னா தம்பி, சரக்கா?"

"கடல் தண்ணிங்க."

"ஏன், உங்க ஊட்ல உப்புக்குப் பஞ்சமா?"

பொட்டி பூரா சிரிப்பு. நானும் சிரிச்சிகினேன். பவளம் வளக்குறேன்னு சொன்னா நம்பவா போறானுங்க? எங்க சேக்காட்டுலயே, ஏன், மெட்ராஸ்லயே ஊட்டுக்குள்ள பவளம் வளக்குறவன் நான் ஒருத்தன்தான்!! (விசாரிக்கல. ஆனா நிச்சயம்.)

தொட்டி நெலவரம்:
பொத்தான் 23. (கல்லுல ஒட்டிகினு கீற பவளத்துக்கு நான் வச்ச பேரு. சட்டைப் பொத்தான் சைசு. வெளிச்சம் பட்டா பூ மாரி விரியும்.)
வரி மீனு 2.
சங்குக்குள்ள ஒளியுற நண்டு 1. கொணம் சரியில்ல.
பாசி எண்ண முடியாது.

பச்சைப் பசேல்னு முடி மாரி. ஈர்க்குச்சில சுத்திச் சுத்தி இழுத்தா கொத்தா வருது. ரெண்டே நாள்ல திரும்ப மொளைக்குது. 9 பொத்தான் அதுக்கு அடில மாட்டிகினு தொறக்கவே இல்ல. பவளக் கல்லு வந்து நாலு மாசம், அப்பல்லாம் இப்டி இல்ல. இது மூணு வாரமாத்தான்.

அக்கா காலைலேந்து தொட்டி எதிர்லயே குந்திகினு கீது. புருசன் ஊட்லேந்து வந்து ஒரு மாசம் ஆவுது. ஆறாம் மாசத்துல கொழந்த தங்காம போச்சே, அதுலேந்து யார்கிட்டயும் பேச்சு இல்ல. தெருவுல கேட்டா அம்மா "ஆடிக்கு வந்துகீறா"ன்னு சொல்லுது. கல்யாணம் ஆயி மூணு வருசம், இப்ப இன்னா ஆடி. தெருவும் நம்புறா மாரி தலையாட்டிட்டுப் போவுது.

ஒரே நல்ல சேதி: அக்கா தட்டு காலியா வருது. அம்மா தட்டத் தூக்கி என்கிட்ட காட்டுச்சு. "பாருடா, ஒரு பருக்கை வைக்கல." கண்ணு தளும்பிடுச்சு அம்மாவுக்கு.

செருப்பு வாரு அறுந்துச்சு. தைக்கணும்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மூர் மார்க்கெட்ல வாங்கின லாக்டோமீட்டர இன்னிக்கு தொட்டில உட்டேன். பால்ல தண்ணி கலந்துகீதான்னு பாக்குற கண்ணாடிக் குழா. உப்புத் தண்ணிக்கும் அது வேல செய்யும்னு யாரும் சொல்லித் தரல, நானே கண்டுபுடிச்சேன்! புதுசா புடிச்ச கடல் தண்ணி 22. தொட்டி 28. தண்ணி ஆவியாயி உப்பு ஏறிப்போச்சு. கெணத்துத் தண்ணி சொம்பு சொம்பா ஊத்தி எறக்கினேன்.

குழாயக் கழுவிகினு இருக்கும்போது பால்காரர் கன்னியப்பன் வந்துட்டாரு. மூஞ்சி செத்துப்போச்சு.

"இன்னா நைனா இது? எத்தினி வருசமா ஊத்துறேன், எம் மேல நம்பிக்க இல்லியா?"

"ஐயோ அண்ணாத்தே, இது கடல் தண்ணிக்கு."

"கடல் தண்ணிய எவன்யா கறக்குறான்? சும்மா கத உடாத."

சொல்லச் சொல்ல கேக்காம சைக்கிள மிதிச்சிட்டாரு.

ஆகஸ்ட் 9, புதன்

பாலு கெட்டியோ கெட்டி! அம்மா ஆடிப்போச்சு. "மாட்ட மாத்திட்டானா?" நான் வாயத் தொறக்கல. அக்காவுக்கு ஏடு எடுத்துத் தனியா வச்சுது.

சாயங்காலம் மீனு வளக்குறத பத்தின பழைய இங்கிலீசு புஸ்தகம், பக்கத்துல டிக்சனரி. ஒரு பக்கத்துக்கு ஒண்ணர மணி நேரம். பாசி வர மூணு காரணமாம். வெளிச்சம் ஜாஸ்தி. பழைய தண்ணி. தீனி ஜாஸ்தி. இதுக்கு மேல தொடர்ச்சி 47ம் பக்கம்னு போட்டுகீது. 46க்கு அப்புறம் 51. எவன் கிழிச்சான்???

தண்ணி வாரா வாரம் மாத்துறேன். தீனி வாரத்துக்கு ரெண்டு தபா, ஒரு சிட்டிகை காஞ்ச எறாப் பொடி. அது ஜாஸ்தியா? இல்ல. அப்போ இன்னா?

ஆகஸ்ட் 10, வியாழன்

எழுதவே மனசு வரல.

ஃபாக்டரில கரண்ட் கட்டு, எங்கள மாரி அப்ரண்டிஸ் பசங்கள மத்தியானமே அனுப்பிட்டானுங்க. பின்பக்கமா சைக்கிள உருட்டிகினு வந்தேன். ஜன்னல் வழியா அக்கா கொரலு. பேசுது! யார்கிட்டன்னு பாத்தா மீனுங்ககிட்ட.

"இந்தா. நீ துன்ட்டல்ல, தள்ளு. அவனுக்கு உடு. பசிச்சிகினு கீறான் பாரு."

மடில சோத்துத் தட்டு. ஒவ்வொரு பருக்கையா நசுக்கி நசுக்கி உள்ள போட்டுச்சு. மீனு ரெண்டும் வெரலக் கொத்துது. பாதி கீழ போயி கல்லு இடுக்குல ஒக்காருது. சிரிச்சுது. ஒரு மாசத்துல மொத தபா அக்கா சிரிச்சத இப்பதான் பாத்தேன். தட்டு காலி ஆச்சு. ஒரு வாய் கூட அது வாயிக்குப் போவல.

சைக்கிளப் புடிச்சிகினு அப்டியே நின்னேன்.

அம்மா தூக்கிக் காட்டுன காலித் தட்டு.

சாயங்காலம் கையக் கழுவிகினு தொட்டிகிட்ட போனேன், சொல்லிடலாம்னு. நான் ஆரம்பிக்கிறதுக்குள்ள அக்காவே, "ஏன்டா இப்டி பாசி? நான் எதனா பண்ட்டனா?"ன்னு கேட்டுச்சு. அப்புறம் கொரல எறக்கி, "எங் கை பட்டா எதுவும் வெளங்காதுன்னு அங்க சொன்னாங்க. நெசம்தான் போல."

"சீ, நீ இன்னாக்கா பண்ணே. வெயிலு. ஜன்னல் வெயிலு ஜாஸ்தி."

வாயில அதான் வந்துச்சு.

ஆகஸ்ட் 12, சனி

ஓவர்டைம். ஊட்டுக்கு வந்தா முன் ரூமு கும்மிருட்டு. அக்கா ஜன்னலுக்கு கோணிச் சாக்கு அடிச்சுகீது. ஆணிய அதுவே அடிச்சுதாம், கட்ட வெரல்ல ரத்தக்கட்டு. இருட்டுல தொட்டி எதிர்ல குந்திகினு கீது.

"இனிமே வெயிலு வராதுடா."

அம்மா கத்துது. "இன்னாடி, பட்டப்பகல்ல ஊட்ட இருட்டாக்கி வச்சிகினு! உன் மூளையும் இருட்டாயிடுச்சா?"

பொத்தான் எதுவும் தொறக்கல. வெளிச்சம் இல்லாம எப்டி தொறக்கும்? நான்தான் இதுக்கு காரணம். நான்தான். நான்தான்.

சொல்லல.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

தண்ணி மாத்தினேன். அடில சோறு. வழிச்சு எடுத்து கொல்லைல கொட்டினேன், அக்கா பாக்குறதுக்கு முன்னாடி. கோயில்ல கூழு ஊத்துனாங்க. அக்காவ கூப்ட்டேன், வரல. சொம்புல வாங்கியாந்து குடுத்தேன். நான் அந்தண்ட போனதும் இன்னா ஆச்சோ தெரியல. தண்ணி கலங்கிகீது, நண்டு மேல கேழ்வரகு.

அக்கா தோள்பட்ட எலும்பு தெரியுது. எப்டி இத்தினி நாளு நான் பாக்கல?

ஆகஸ்ட் 14, திங்கள்

சொல்லிட்டேன்.

வேல முடிஞ்சு வந்ததும் அக்கா இருட்டுல எழுந்து நின்னுச்சு. "நான் பின் ரூமுக்குப் போயிடறேன்டா. நான் பாத்துகினே கீறேன், அதனாலதான் அது தொறக்க மாட்டேங்குது."

நாலு நாளா மனசுக்குள்ள ஒத்திகை பாத்து வச்சதுல ஒண்ணும் வரல. "அக்கா, நீ போடற சோறுக்கா. வெயில் இல்ல, நான் பொய் சொன்னேன். மீனு கொஞ்சம்தான் துன்னுது. மிச்சம் அழுவி பாசிக்குப் போவுது. நீ ஒண்ணுமே துன்றதில்ல, நான் பாத்தேன்." எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டிட்டேன்.

கால் கட்ட வெரலால தரையத் தேச்சிகினு நின்னேன்.

"எப்போலேந்து தெரியும்?"

"வியாழக்கெழம."

"தெரிஞ்சிகினே என்ன இருட்டுல குந்த வச்சியேடா, பாவி."

சாக்க ஒரே இழுப்பு. ஆணியோட வந்துச்சு. சாயங்கால வெயிலு தூசியோட நேரா தொட்டி மேல. அக்கா முழங்கை வரைக்கும் கைய உள்ள உட்டு கொத்தா பாசியப் புடுங்குச்சு. வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுது. சொட்டச் சொட்ட.

"இது பூரா நான் போட்ட சோத்துலயா?"

"ஆமாக்கா."

"இம்மாமா?"

அழுவுதா சிரிக்குதா எனக்குப் புரியல. பொடவ, தர எல்லாம் ஈரம். "தளதளன்னு வளந்துகீதுடா." வெரலால சிக்கெடுக்குறா மாரி கோதி உட்டுச்சு. அத வாங்கி குப்பைல போடலாம்னு நான் கைய நீட்டினேன். தரல. ரொம்ப நேரம் கைலயே வச்சிகினு இருந்துச்சு.

அம்மாகிட்ட சொல்லல. ரெண்டு பேரும் பேசி வச்சிக்காமலே மறச்சிட்டோம்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

லீவு. வானம் மப்பு. முடி வெட்டிகினேன், காது பக்கம் ஒட்ட எடுத்துட்டான்.

5 பொத்தான் பாதி விரிஞ்சுகீது. பாசி இன்னும் இருக்கு, கொறைய பத்து இருவது நாளு ஆவும். சாக்பீசால செவுத்துல எழுதிட்டேன்: தீனி ஞாயிறு, புதன் மட்டும். நான் மட்டும்.

அக்கா படிச்சுது. "அப்போ எஞ் சோத்த இன்னா பண்றது?"

"துன்னுக்கா."

மத்தியானம் தட்ட எடுத்துகினு வழக்கம் போல தொட்டிகிட்டயே குந்துச்சு. வரி மீனு ரெண்டும் கண்ணாடிகிட்ட ஓடியாந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க. நான் பேப்பர் படிக்கிறா மாரி பாத்துகினு இருந்தேன். மொத உருண்டை கைலயே கெடந்துச்சு. மீனு குட்டிக்கரணம் போடுது.

"கெடையாதுங்கடா. போங்க. பாசி வரும்."

வாயில போட்டுகிச்சு. மெல்றதுக்கே அவ்ளோ நேரம். அப்புறம் ரெண்டாவது. அப்புறம் நான் எண்ணல.

அம்மா உள்ளேந்து ஒண்ணும் புரியாம, "இன்னாடி, இன்னிக்கு புதுசா மறுசோறு கேக்குறே?"

ரசம் காலி. எனக்கு மோரு சோறுதான்.