ஐந்தாவது தடவை

என் வாலுக்குட்டிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருப்பாய் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் நீ ஏதாவது கேட்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன், பழக்கம் அப்படி. காகிதத்தில் மாற்ற முடியாது. முதலில் அந்தப் பழைய விஷயம். பதினான்கு மாதத்துக்கு முன்னால் நீ கம்ப்யூட்டரில் செய்த ஒரு பாட்டு என்று அனுப்பினாய், மறுநாள் போனில் எப்படி இருந்தது என்று கேட்டாய், ரொம்ப நல்லா இருந்தது, அந்த நடுப்பகுதி ரொம்பப் பிரமாதம் என்று சொன்னேன். உடனே நீ, "அப்பா, அதுல ஒண்ணுமே இல்லப்பா, தப்பா அனுப்பிட்டேன், மூணு நிமிஷமும் வெறும் அமைதிதான்" என்றாய், அம்மாதான் அதை என் காதோரம் திருப்பிச் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்கு நீ எதையும் அனுப்பவில்லை. நான் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று நினைத்துவிட்டாய். நினைக்காமல் எப்படி இருப்பாய். ஆனால் நான் கேட்டேன் மகளே. உன் அறைக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போனை வலது காதில் வைத்து அழுத்திக்கொண்டு, மூன்று நிமிடமும் முழுசாகக் கேட்டேன். உன் பாட்டு எதிலும் எனக்கு என்ன கேட்குமோ அதுதான் அன்றைக்கும் கேட்டது. அதாவது ஒன்றும் இல்லை.

முப்பத்தொரு வருடம் அச்சு மிஷின் பக்கத்தில் நின்றவன் காது வேறு எப்படி இருக்கும். அங்கே நாங்கள் எல்லோரும் கையாலும் புருவத்தாலும்தான் பேசிக்கொள்வோம், அதனால் காது போவது உள்ளே இருக்கும்வரை தெரியவே தெரியாது. தெரிந்த பிறகும் சொல்லவில்லை. சொன்னால் மிஷினிலிருந்து இறக்கித் தாள் மடிக்கிற மேஜையில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று ஒரு பயம், வேலையை விட்ட பிறகு பயம் போய்ப் பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டி "நல்லா இருக்கு" என்று சொன்னால் உலகத்தில் முக்கால்வாசிப் பேர் திருப்தியாகப் போய்விடுகிறார்கள், நீ சோதித்துப் பார். அம்மா ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தாள், நேராகவும் சொல்லிப் பார்த்தாள், நான்தான் செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழிக்கு ஆளாகவே நடமாடிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒருநாள் குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டு அவள் நாற்பது நிமிடம் உள்ளேயிருந்து கதவைத் தட்டியிருக்கிறாள். நான் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மாடி வீட்டுத் தையல்காரர் சத்தம் கேட்டு இறங்கி ஓடிவந்தார், நான் அவரிடம் உட்காருங்கள், டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். பயப்படாதே, அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "கெளம்புங்க" என்று ஒரே வார்த்தை. அதை உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டேன்.

இப்போது இரண்டு காதிலும் மிஷின். பட்டாணி அளவுதான் இருக்கிறது. அதைப் பொருத்துகிற பெண் உன் வயதுக்காரி, பொறுமைசாலி. அவள் கம்ப்யூட்டரில் ஒரு வளைகோட்டை மேலே இழுத்தாள், தூரத்தில் யாரோ தகரத்தைக் கிழிப்பதுபோலச் சத்தம், என்ன என்று பார்த்தால் என் சட்டைக் காலர் கழுத்தில் உரசுகிறது. கீழே இறக்கினாள், நின்றுவிட்டது. நீ இப்படிக் கோடுகளை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கதவோரம் நின்று எத்தனை நாள் பார்த்திருக்கிறேன், இதில் என்ன வேலை நடக்கிறது என்று விளங்கியதே இல்லை. அன்றைக்குத்தான் விளங்கியது. வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ் உறுமுகிறதே, எப்போதிருந்து என்று கேட்டேன், "வாங்கின நாள்லேர்ந்து" என்றாள் அம்மா. இதில் ஒரு கெட்ட பழக்கமும் சேர்ந்துவிட்டது, ஒட்டுக்கேட்பது. போன மாதம் நீ அம்மாவோடு போன் ஸ்பீக்கரில் பேசியதை அடுத்த அறையிலிருந்து கேட்டுவிட்டேன். "பத்து வருஷமா பண்றேன், என்னோடதுன்னு சொல்ல ஒண்ணுகூட இல்லம்மா, எல்லாம் யாரோ பண்ணின மாதிரியே இருக்கு, இந்தப் பாட்டுப் பொட்டியெல்லாம் வித்துட்டு ஒழுங்கா ஒரு ஆபீஸ் வேலைக்குப் போறேன்" என்று சொன்னாய். நான் உள்ளே வந்து ஒன்றும் கேட்காதவன்போல உட்கார்ந்தேன். அந்த நடிப்பில் எனக்கு நல்ல தேர்ச்சி.

மறுநாளே உன் அறையைத் திறந்து, நீ இத்தனை வருடத்தில் எனக்கு அனுப்பிய நாற்பத்து மூன்றையும் முதலிலிருந்து வரிசையாகக் கேட்க ஆரம்பித்தேன். தினமும் காலை பதினொரு மணிக்கு நாலு, எழுதிவைத்துக்கொள்ள ஒரு நோட்டு. அம்மா துணி மடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பாள். எனக்கு ஸ்வரமும் தெரியாது தாளமும் தெரியாது, அதனால் நோட்டில் இருப்பதெல்லாம் கேள்விதான். மத்தளம் இல்லாமல் மத்தளச் சத்தம் எங்கே இருந்து வருகிறது? ஒரு சத்தம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டுத் திரும்புகிறதே, இருப்பதே இரண்டு ஸ்பீக்கர், அது எந்த வழியாகப் போனது? முதல் பத்துப் பதினைந்தில் நீ சொன்னது சரிதான், ஒவ்வொன்றும் ஒவ்வொருவருடைய இரவல் சட்டை, சிலது தோளில் நிற்கவே இல்லை. பதினேழாவதில் ஒரு பெண் பாடுகிறாள். வார்த்தை இல்லை, துண்டுதுண்டாக ஒரு குரல், எகிறி எகிறி விழுந்து, போகப்போக அதுவே தாளமாகிவிடுகிறது. இரண்டு தடவை கேட்டேன். யார் இந்தப் பாடகி, நல்ல குரலாக இருக்கிறதே என்றேன். அம்மா பாதி மடித்த போர்வையோடு அப்படியே நின்றாள். "பாடகியும் இல்ல ஒண்ணும் இல்ல. நான்தான். உங்களச் சாப்பிடக் கூப்பிடுறேன்" என்றாள்.

மறுபடி போட்டோம். அம்மா சொன்ன பிறகுதான் ஆரம்பத்திலேயே இருப்பது எனக்குப் பிரிந்து கேட்டது. ஏங்க, ஏங்க என்று ஐந்து தடவை, ஒன்றைவிட ஒன்று உரக்க, ஐந்தாவதற்குத்தான் என்னுடைய "ம்ம்". நீ லீவில் வந்திருந்தபோது கையில் சத்தம் பதிகிற ஒரு சின்னப் பெட்டியோடு வீடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பாட்டுக்கு 'ஐந்தாவது தடவை' என்று நீ பெயர் வைத்திருந்ததைப் பார்த்து, பாவம், நாலு தடவை சரியாக வராமல் ஐந்தாவதில் வந்திருக்கும் போல என்று நினைத்திருந்தவன் நான். கட்டின மனைவியின் குரலை யாரோ பாடகி என்று கேட்டதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மனதுக்குள் அவளுடைய குரல் கல்யாணமான புதிதில் பதிந்த பழைய பதிப்பாகவே இருந்திருக்கிறது, இது நடுவில் எத்தனையோ பதிப்பு கண்டுவிட்டது. அப்புறம் தேதியைப் பார்த்தேன், ஆறு வருடத்துக்கு முந்தையது. அப்படியென்றால் என் காது விஷயம் அப்போதே உனக்குத் தெரியும். தெரிந்தும் போன வருடம் என்மேல் கோபப்பட்டாய் என்றால், கேட்காததற்காக இல்லை, கேட்டதாகச் சொன்னதற்காக. அது நியாயம்தான். அப்பாவை மன்னித்துவிடு.

இன்னொன்றும் செய்து பார்த்தேன், சிரிக்காதே. அடுத்த தடவை காதைக் காட்டப் போனபோது அந்தப் பெண்ணிடம் கதையைச் சொன்னேன். "சரி, கண்ண மூடுங்க, உங்க பொண்ணு பாட்டு எதுன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்று என் போனை வாங்கிக்கொண்டாள். உன்னுடையது ஆறு, உன்னைப்போலவே கம்ப்யூட்டரில் செய்கிற வேறு ஆட்களுடையது நாலு, கலந்து போட்டாள். நான் ஏற்கெனவே கேட்டதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது என்று உன்னுடையதில் நான் இன்னும் எட்டாதவற்றையும், மறந்துபோன ஆரம்பகாலப் பாட்டில் இரண்டையும் எடுத்தாளாம், கெட்டிக்காரி. பத்தில் ஏழு சரி. உன் பழைய இரண்டையும் யாரோ அன்னியர் கணக்கில் எழுதிவிட்டேன், ஒரு அன்னியரை நீ என்று சொல்லிவிட்டேன், அதையும் மறைக்கவில்லை. ஆனால் பின்னாட்களில் நீ செய்த நாலும் தப்பவில்லை, நாலைந்து வினாடியிலேயே கையைத் தூக்கிவிட்டேன். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க" என்று கேட்டாள், பதில் பஸ்ஸில் வரும்போதுதான் வந்தது. அடி விழவேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை தள்ளி விழுகிறது, கதவைத் தட்டிவிட்டு உள்ளிருந்து ஆள் வருகிறாரா என்று பார்க்கிறவர்கள் மாதிரி. அச்சில் ஒரு கலர் மேல் இன்னொரு கலர் சரியாக உட்காராமல் அவ்வளவு விலகினால் தாளைக் கிழித்துக் குப்பையில் போடுவோம். உன்னுடையதில் அந்த விலகல் இல்லாவிட்டால் நீ இல்லை. அதை நீ வேண்டுமென்று செய்கிறாயா, கை தானாகச் செய்கிறதா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ரொம்ப ஆசை. பெட்டிகளை விற்பதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம், ஆபீஸ் வேலையும் நல்ல வேலைதான், அதில் நான் தலையிட மாட்டேன். உன்னுடையது என்று ஒன்றுகூட இல்லை என்று மட்டும் சொல்லாதே, ஒன்றும் தெரியாத எனக்கே அடையாளம் தெரிகிறது.

அந்த மூன்று நிமிட அமைதியைக் கணக்கில் சேர்க்காமல், கடைசியாக அனுப்பிய நாற்பத்து மூன்றாவது எனக்குப் பிடிக்கவில்லை. நன்றாகத்தான் ஆரம்பிக்கிறது, ஆனால் முடிவு ஜவ்வு மாதிரி இழுக்கிறது, போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று இன்னும் ஒரு மணி நேரம் பேசுகிற விருந்தாளி மாதிரி. கடைசி ஒன்றரை நிமிடத்தை வெட்டு. அதெல்லாம் உங்களுக்குப் புரியாது அப்பா என்று சண்டை பிடிக்கத் தோன்றினால் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கூப்பிடு, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக இருப்பேன்.

வருடத்துக்கு ஒரு தடவை காதைக் காட்டிக்கொள், ஹெட்போனைப் பாதிச் சத்தத்துக்கு மேல் வைக்காதே, இதை மட்டும் நான் சொன்னால் நீ கேட்டே ஆகவேண்டும். எடுத்த காரியம் எதுவானாலும் உன் கையில் நன்றாக வரட்டும், நூறு வயது இரு.

உன் அன்பு
அப்பா