பெரியவர் கையில் பச்சை குத்திய பிறை

அன்பு மகன் ஆசிபுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நாங்கள் மூன்று பேரும் சுகம், மஸ்கட் வெயிலில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. கோடைமழையில் உப்பளப் பாத்தியில் இருந்த உப்பெல்லாம் கரைந்துபோனதால் கடையில் வியாபாரம் மந்தம்தான், அதை விடு, உன் மனைவி தமன்னா செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், போனில் சொன்னால் பாதியில் கட் ஆகிவிடும்.

உப்பளத்தில் வேலை செய்யும் சிவப்பிரகாசத்தை உனக்குத் தெரியும், நம் கடையில்தான் டீ குடிப்பார். போன வாரம் உப்பள வரப்பில் ஒரு பெரியவர் விழுந்து கிடக்க, சிவப்பிரகாசம்தான் தூக்கிக்கொண்டு போய் தமன்னா நர்ஸாக இருக்கிற ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கைலியும் பனியனும்தான், போன் கிடையாது. பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது, ஊர் பேர் எதுவும் சொல்ல முடியவில்லை. போலீசில் சொல்லியும் தகவல் இல்லை. யார் கஞ்சி ஊட்டினாலும் வாயை இறுக்கிக்கொண்டு வாசலையே பார்த்து அழுதாராம். இப்படியே கிடந்தால் தாங்க மாட்டார், சீக்கிரம் சொந்தக்காரர்களைக் கண்டுபிடியுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்னங்கையில் மங்கிப்போன பச்சையில் ஒரு பிறை மட்டும் தெரிந்தது. நம் ஆள்தான் என்று நினைத்து நான் ஜமாஅத் குரூப்பில் எல்லாம் போட்டோ போட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. "பாய், எங்க ஈஸ்வரன் தலையிலயும் பிறை இருக்குதே" என்று சிவப்பிரகாசம் பிரம்மதேசம் சிவன் கோயில் பக்கம் போய் விசாரித்தார், அங்கேயும் தெரியவில்லை.

தமன்னாதான் விடவில்லை. "மாமா, நம்மாளுங்க பச்சை குத்தக் கூடாதுன்னுதானே சொல்லுவாங்க?" என்றாள். பெரியவர் கையைத் துடைத்து வெளிச்சத்தில் உற்றுப் பார்த்திருக்கிறாள். நம் பள்ளிவாசலில் இருப்பதுபோலப் பிறை சாய்ந்து நிற்கவில்லை, பக்கத்தில் நட்சத்திரமும் இல்லை. இரண்டு முனையும் மேலே பார்க்கப் படகு மாதிரி படுத்திருக்கிறது. சிவன் என்றால் பிறைக்குக் கீழேதானே தலை இருக்க வேண்டும், இதில் கீழே ஒன்றும் இல்லை, மேலேதான் மணி வடிவத்தில் ஏதோ அழிந்த கோடு. அவளைத் தினம் வீட்டில் கொண்டுவந்து விடுகிற ஆட்டோக்காரர் சவரிமுத்துவை உள்ளே கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். பார்த்ததும் அவர், "இது எங்க வேளாங்கண்ணி மாதாம்மா, காலுக்குக் கீழ பிறை இருக்கும், மேல இருக்கிறது அவங்க உடுப்பு" என்று சொல்லி ஆட்டோவில் ஒட்டியிருந்த படத்தையே எடுத்துவந்து கொடுத்தாராம். பெரியவர் அதை நல்ல கையால் பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விம்மி விம்மி அழுதிருக்கிறார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, "நிலா ஒண்ணுதான் மாமா, அது இருக்கிற இடம்தான் ஒவ்வொருத்தருக்கும் வேற" என்றாள்.

சவரிமுத்து அன்றைக்கே சர்ச் ஆட்களுக்கெல்லாம் போட்டோ அனுப்பினார். மறுநாள் காலையில் திண்டிவனம் பக்கத்திலிருந்து பெரியவரின் மகள் ஆரோக்கியமேரி ஓடிவந்துவிட்டாள். அவள் வீட்டுக்கு வரும் வழியில் பஸ் மாறி ஏறி இந்தப் பக்கம் வந்து இறங்கிவிட்டாராம் மனுஷன். மகள் ஊட்டியதும் வாயைத் திறந்து கஞ்சி குடித்தார். வார்டில் அழாதவர்கள் இல்லை. இப்போது கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சிவப்பிரகாசம் இதையே சொல்கிறார், நானும் முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

ஆசிப், நைட் டூட்டி எல்லாம் எதற்கு, வேலையை விட்டுவிடு என்று நீ அவளிடம் சொன்னாயாம். அவள் வாய் திறக்கவில்லை, உன் அம்மா சொல்லித்தான் தெரியும். இனி அந்தப் பேச்சை எடுக்காதே. லீவில் வரும்போது அவளுக்கு ஒரு ஸ்கூட்டி எடுத்துக் கொடு. நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துண்டு இல்லாமல் நிற்காதே. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும்.

இப்படிக்கு,
தமன்னாவின் மாமனார், உனக்கும் அத்தா,
அஹமது கபீர்